விக்டோரியாவில் தங்கம் தேட டிடெக்டர் வாங்கப்போகிறவர்களுக்கு: கடை மேசைச் சோதனையை நம்பாதீர்கள்

மெல்பர்னில் இருக்கும் நம் ஆட்கள் சிலர் வார இறுதிகளில் தங்கம் தேடிப் போக ஆரம்பித்திருக்கிறார்கள். டனோலி, மோலியாகல், டார்னகுல்லா, வெடர்பர்ன் போன்ற பழைய தங்கவயல் ஊர்கள் பக்கம் போவதற்காக மெட்டல் டிடெக்டர் வாங்கும் எண்ணம் இருந்தால், பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் கடைக்காரரிடம் தெளிவாகவே சொன்னேன்: போகப்போவது டனோலி சுற்றுவட்டாரம், செம்மண், காலடியெல்லாம் இரும்புக்கல். அவர் எடுத்துக் கொடுத்தது வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அலைவரிசை) வகை டிடெக்டர். அதிலுள்ள ஆட்டோ கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் சத்தத்தைத் தானாகக் கழிக்கும் வசதி, எந்த மண்ணையும் சமாளிக்கும் என்று உறுதியாகச் சொன்னார். மேசைமேல் ஒரு சின்னத் தங்கத் துணுக்கை வைத்து, டிடெக்டரின் அடியில் இருக்கும் தட்டுப் போன்ற காயிலை மேலே ஆட்டிக் காட்டினார். சில அங்குல உயரத்திலிருந்தே கணீரென்று சத்தம் வந்தது. ஆயிரத்து ஐந்நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினேன்.

டனோலி மண்ணில் காயிலை இறக்கியதும் அலறல்தான். ஒவ்வொரு இரும்புக்கல்லும் தங்கம் மாதிரியே சத்தம் கொடுத்தது. தரைக்கும் காயிலுக்கும் இடைவெளி கொஞ்சம் மாறினாலே சத்தம். சென்சிடிவிட்டியை (உணர்திறனை) குறைத்துக்கொண்டே போய் ஒருவழியாக அமைதியானது. அப்புறம் தங்கத்துக்குப் பதிலாக ஒரு ஈயக் குண்டைச் சில சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்துப் பார்த்தேன், அதுவும் கேட்கவில்லை. மெஷினில் பழுது எதுவும் இல்லை. அந்த மண்ணுக்கு ஏற்றதல்ல, அவ்வளவுதான். விற்றவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

மேசைச் சோதனை ஏன் ஏமாற்றும் என்று சொல்கிறேன். வி.எல்.எஃப். இடைவிடாமல் அலையை அனுப்பிக்கொண்டே, திரும்பி வருவதையும் அதே நேரத்தில் கேட்கிறது. மண்ணில் மேக்னடைட், மேக்ஹெமைட் போன்ற இரும்புத் தாதுக்கள் இருந்தால் அவையும் பதில் கொடுக்கும், அதுவும் சின்னத் தங்கத்தின் பதிலைவிடப் பல மடங்கு பலமாக. கிரவுண்ட் பேலன்ஸ் அந்த மண் சத்தத்தைக் கழிக்கத்தான் இருக்கிறது. ஆனால் ஓரடிக்கு ஓரடி தாது மாறுகிற இடத்தில் கழித்து முடிப்பதற்குள் அடுத்த மண் வந்துவிடும். கடை மேசையில் மண்ணே கிடையாது. அங்கே எந்த டிடெக்டரும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

பி.ஐ., அதாவது பல்ஸ் இண்டக்‌ஷன், வேறு விதம். மின்துடிப்பை அனுப்பி, நிறுத்தி, சில மைக்ரோ விநாடிகள் பொறுத்து அதன்பிறகு கேட்கிறது. மேக்னடைட்டின் பதில் துடிப்பு நின்றதுமே அடங்கிவிடும். உலோகத்தில் சுழலும் மின்னோட்டம் கொஞ்ச நேரம் நீடிக்கும், அதைத்தான் அது பிடிக்கிறது. மேக்ஹெமைட்டின் நுண்துகள்கள் மட்டும் துடிப்பு நின்ற பிறகும் பதில் கொடுத்துக்கொண்டிருக்கும், அதனால் தங்கத்துக்கான பி.ஐ.யிலும் கிரவுண்ட் பேலன்ஸ் தேவை. 1995இல் மைன்லேப் நிறுவனத்தின் எஸ்.டி. 2000 என்ற பி.ஐ. டிடெக்டர் வந்தபோது ஆஸ்திரேலியத் தங்கவயல்களில் பெரிய மாற்றம் ஏற்பட்டது இதனால்தான். வெவ்வேறு நீளத் துடிப்புகளை அனுப்பி மண்ணின் பதிலைப் பிரித்தெடுக்க அதனால் முடிந்தது.

இந்த இடத்தில்தான் இரண்டாவது ஏமாற்று. நான் டிடெக்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனதும், எனக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை என்றார் கடைக்காரர். பிறகு, சரி, பி.ஐ. வேண்டுமானால் தருகிறேன் என்று பழையதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டு இன்னொன்றைத் தள்ளிவிடப் பார்த்தார். கூட வந்த நண்பர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். அது கடற்கரையில் மோதிரம் தேடுகிற பி.ஐ. உப்பு ஈரத்துக்கு நல்லது, ஆனால் அதில் கிரவுண்ட் பேலன்ஸே இல்லை. பி.ஐ. என்ற இரண்டெழுத்தைப் பார்த்து மட்டும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வி.எல்.எஃப். மோசம் என்று சொல்ல வரவில்லை. தாது குறைந்த மண்ணில், ஆழமில்லாத இடத்தில், அரிசி அளவுத் தங்கத்துக்கு வி.எல்.எஃப். வகைக்குள்ளேயே 45 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசையில் வேலை செய்வது மிக நல்லது. எடை குறைவு, விலை குறைவு, இரும்புக் குப்பையைப் பிரித்தும் காட்டும். பி.ஐ.க்கு அந்தப் பிரிக்கும் திறன் குறைவு, அதனால் ஆணிகளையும் தோட்டாக் கூடுகளையும் நிறையத் தோண்ட வேண்டிவரும். மிகச் சிறிய துணுக்குகளைச் சில பி.ஐ.கள் விட்டுவிடும். மின்கம்பிக்குக் கீழே தொல்லை செய்யும். விலையும் பல ஆயிரம் டாலர். இத்தனை இருந்தும், சிவந்த இரும்புக்கல் மண்ணில் ஆழமாகத் தேட வேண்டுமென்றால் தங்கத்துக்கென்றே செய்த பி.ஐ.யைத்தான் நான் சொல்வேன். அவ்வளவு பணம் இல்லையென்றால் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

விற்பவர்கள் 1980இல் கிங்கோவரில் டிடெக்டரால் கண்டெடுத்த 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கட்டியைப் பற்றிக் கட்டாயம் பேசுவார்கள். அது 27 கிலோ. அதை வைத்து, ஒரு கிராமுக்கும் குறைவான துணுக்கு எப்படிக் கேட்கும் என்று முடிவு செய்ய முடியாது. ஒரு வாளி செம்மண்ணும் நாலு இரும்புக்கல்லும் கடைக்கே கொண்டு போங்கள். அதன்மேல் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதன் அடியில் துணுக்கை வைத்துக் கேட்க வையுங்கள். முடியாது என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

எந்த ஊர் மண்ணுக்கு வாங்குகிறீர்கள் என்பதை ரசீதிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்குங்கள். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, என்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கினோமோ அந்த வேலைக்குப் பொருள் பொருந்த வேண்டும். பெரிய குறை என்றால் பணம் வேண்டுமா மாற்றுப் பொருள் வேண்டுமா என்று முடிவு செய்வது நாம்தான். 'பணம் திரும்பத் தரப்படாது' என்று கடையில் பலகை மாட்டியிருந்தாலும் அந்த உரிமை போகாது. வாங்கும் முன் நான் அனுப்பிய மின்னஞ்சலில் டனோலி என்ற பெயர் இருந்தது. இப்போது என் பக்கம் இருக்கும் பெரிய ஆதாரம் அதுதான்.

அதைக் காட்டி, மாநில நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவில் புகார் கொடுத்தேன். உடனே கடைக்காரர் முழுத் தொகையையும் கடையில் வேறு பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுத்துவிட்டேன். பணமாகத் தரவில்லையென்றால் அடுத்து இப்படிப்பட்ட வழக்குகளை விசாரிக்கும் மாநிலத் தீர்ப்பாயமான வி.கேட்டில் மனு போடப்போகிறேன், படிவம் நிரப்பி வைத்தாயிற்று. இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் ரசீதையும் கடைக்காரரோடு பேசிய குறுஞ்செய்திகளையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.