பால்கனித் தொட்டியில் குண்டுமல்லியா, காகிதப்பூவா?

சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால், நான் குண்டுமல்லியையே வைப்பேன். இரண்டுக்கும் நல்ல வெயில் வேண்டும். வேறுபாடு தண்ணீரில் தொடங்குகிறது. காகிதப்பூ, அதாவது போகன்வில்லா, தாகத்தில்தான் பூக்கும். மேல்மண் காய்ந்து, இலை லேசாகத் துவளும்போது ஊற்றினால் போதும். டிசம்பர் மழைச் சாரல் விடாமல் படும் பால்கனியில் அது வெறும் இலையாகத் தழைக்கும்.

மல்லிகை அப்படியன்று. மொட்டு விட்ட நேரத்தில் வேர் காய்ந்தால் மொட்டுகள் உதிர்ந்துவிடும். பூ புதுத் தளிரில்தான் வரும் என்பதால், ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கிளைகளைத் தயங்காமல் வெட்டிவிட வேண்டும். தழைச்சத்தை (நைட்ரஜன்) குறைத்துச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) உரம் கொடுங்கள். வெள்ளை மொட்டு ஊதாவாக மாறி, பக்கத்தில் சிறு துளை தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. அன்றே கிள்ளி அப்புறப்படுத்துங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரையும் உடனே கொட்டிவிடுங்கள். டெங்கிக் கொசு முட்டையிட அது போதும்.

இத்தனை பாடும் மாலையில் மொட்டு அவிழும் மணத்துக்காக! காகிதப்பூவில் அந்த மணம் கிடையாது. நிறம் காட்டுவதுகூட இதழ் அன்று, பூவடிச் செதில், அதாவது பூவைச் சூழ்ந்த வண்ண இலை. நடுவில் நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு மட்டும் காகிதப்பூவைச் சொல்வேன். அதில் முள் உண்டு, குழந்தைகளுக்கு எட்டாத மூலையில் வையுங்கள்.