மோரிஸ் மைனர் டை ராடும் 68 வெள்ளிக் கருவியும்

என் காடி மோரிஸ் மைனர் 1000, 1098 சிசி. ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தாலும் பினாங்குப் பாலத்தில் தன் இஷ்டத்துக்கு அலைய ஆரம்பித்திருந்தது. ஜேக்கில் தூக்கி முன் டயரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். ஸ்டீரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பிகளின் முனை மூட்டுகளான டை ராட் எண்ட் இரண்டிலும் ஆட்டம். ரப்பர் மூடி பிளந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் துருச்சேறு.

புது உருப்படி கிடைப்பதில் சிரமமில்லை. இங்கிலாந்திலும் வலப்பக்க ஸ்டீரிங்தான் என்பதால் அங்கிருந்து வரவழைத்தால் அப்படியே பொருந்தும். பழையதைக் கழற்றுவதுதான் பாடு. சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீரிங் ஆர்மின் கூம்புத் துளைக்குள் டை ராட் எண்டின் கூம்புக் கம்பி இறுகி உட்கார்ந்திருக்கும். நட்டை எடுத்தாலும் அசையாது.

இதற்காகப் பட்டர்வொர்த்தில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கம்பியைத் துளையிலிருந்து அழுத்தித் தள்ளும் கத்தரி வகைப் பிரிப்பான் வாங்கினேன். விலை 68 வெள்ளி (ரிங்கிட்). இதைவிட மலிவாகக் கவட்டை வகை உண்டு, லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தையில்கூட கண்ணில் படும். அதைச் சுத்தியலால் அடித்து நுழைக்கும்போது ரப்பர் மூடி கிழிந்துவிடும். தூக்கிப்போடப் போகிற உருப்படிக்கு அது போதும், திரும்ப மாட்டப் போகிறதுக்கு ஆகாது.

பக்கத்து வீட்டு மாமா ரயில்வே பட்டறையில் இருந்தவர். "ரெண்டு சுத்தியல் இருந்தா முடிஞ்சுதுடா தம்பி, இதுக்குப் போய் காசு குடுத்தியா?" என்றார். துளையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அடிக்கும் அந்த வித்தை உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் ஜேக் ஸ்டேண்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு இரண்டு சுத்தியல் வீச மாமாவுக்கே இடம் போதாது.

கத்தரியில் அந்த வம்பு இல்லை. நட்டைக் கம்பியின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி விட்டுவிட வேண்டும், முழுக்கக் கழற்றக் கூடாது. அப்போதுதான் மரை நசுங்காது, விடுபடும்போது ராடும் தெறித்து விழாது. கருவியின் போல்ட்டில் கிரீஸ் தடவி, வாயை மாட்டி, ஸ்பேனரால் முறுக்கினேன். இறுக்கம் ஏறியதும் துளையின் பக்கவாட்டில் லேசாக ஒரு தட்டு. 'டொக்' என்று விட்டுவிட்டது. ரப்பர் மூடியில் புதிதாக ஒரு கீறலும் இல்லை.

குறை இரண்டு. வாயின் ஓரம் வார்ப்பில் வந்தபடியே கரடுமுரடாக இருந்தது. அரத்தால் நன்றாக ராவிய பிறகுதான் மாட்டினேன். கறுப்புப் பூச்சும் ஒப்புக்குத்தான். நம் கடற்காற்றுக்கு எண்ணெய் தடவி வைக்காவிட்டால் துரு பிடித்துவிடும். இந்த விலைக்கு இதைக்கூட ராவி அனுப்ப மாட்டார்களா என்று எரிச்சலாகத்தான் இருந்தது.

கையோடு ஸ்டீரிங் ரேக்கின் (டை ராடுகளை இடம் வலமாகத் தள்ளும் பற்சட்டம்) இரு முனையிலும் உள்ள ரப்பர் உறைகளான ரேக் பூட் இரண்டையும் மாற்றினேன். மைனரின் ரேக்குக்கு ஈபி 90 கியர் ஆயில், கிரீஸ் அல்ல. பூட் கிழிந்தால் அவ்வளவும் ஒழுகிவிடும். அப்புறம் டோ-இன், அதாவது முன் டயர்கள் முன்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டிய அளவு. 3/32 அங்குலம் என்று துண்டுச் சீட்டில் எழுதி அலைன்மெண்ட் கடையில் கொடுத்தேன், அவர்கள் கணினியில் மைனரே இல்லை.

வாங்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் வாய் அகலம் கருவிக்குக் கருவி மாறும். ஸ்டீரிங் ஆர்மின் தடிப்பையும் கம்பியின் விட்டத்தையும் காலிப்பரில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.