ஸ்டாண்ட்பையில் ஏடிஸ் கேட்கும் ரேடியோ: குமிழ் மாற்றி வந்த பிறகு

என் சின்ன விமானத்தின் ரேடியோ பழுது பார்த்துத் திரும்பி வந்து மாட்டியாச்சு. வால்யூம் குமிழ் கரகரக்கிறது என்றுதான் அனுப்பினேன், குமிழை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதே மாடல் இப்போது விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பிராண்டு பெயரை எழுதப் போவதில்லை, அவருக்குத் தெரியும்.

எத்தனை வாட், எத்தனை அலைவரிசை சேமிக்கலாம் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் புலம்ப வந்தது ஸ்டாண்ட்பை மானிட்டர் என்ற ஒரே வசதியைப் பற்றி. தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலரோடு பேசும் முதன்மை அலைவரிசை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, போய் இறங்கப்போகும் இடத்தின் ஏடிஸை (வானிலையையும் ஓடுபாதைத் தகவலையும் திரும்பத் திரும்பச் சொல்லும் விமான நிலையப் பதிவு) ஸ்டாண்ட்பை என்ற இரண்டாவது அலைவரிசையில் போட்டுக் கேட்கலாம். ஒரே ஒரு ரேடியோ இருக்கும் சின்ன விமானத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது அது இல்லாதபோதுதான் உறைக்கும். பழுதுக்குப் போயிருந்த நாட்களில் ஒரு பழைய ரேடியோவை இரவல் வாங்கி ஓட்டினேன். அதில் ஏடிஸ் கேட்க கன்ட்ரோலரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அலைவரிசையை விட்டுப் போகவேண்டும், போனால் பதிவு எங்கேயோ பாதியில் ஓடிக்கொண்டிருக்கும், அது முடிந்து முதலிலிருந்து வரும்வரை காத்திருக்கவேண்டும், நூறு நாட் வேகத்தில் நிமிஷத்துக்கு மூன்று கிலோமீட்டர் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் நம்மைக் கூப்பிட்டால் நமக்குக் கேட்காது. திரும்பி வந்து "வந்துவிட்டேன்" என்று சொல்லக்கூட நெரிசலில் இடம் கிடைக்காது.

அந்த வகையில் இந்த ரேடியோ தங்கம். காதும் கூர்மை. 5,000 அடியில் பார்வைக்கோட்டுக் கணக்குப்படி சுமார் 87 கடல் மைல் வரும், நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் இரவல் ரேடியோ வாயே திறக்காத தூரத்தில் இது ஏடிஸைப் பிடித்துவிடுகிறது. இரைச்சலை அடக்கும் தானியங்கி ஸ்க்வெல்ச் அந்த மெல்லிய ஒலியையும் அடைத்துவிட்டால் குமிழை அழுத்தித் திறந்துவிடலாம், இரைச்சலுக்கு நடுவே ஓடுபாதை எண்ணும் காற்றும் தெளிவாகவே வந்து விழும். சீக்கிரம் கேட்டுவிட்டால் எந்தப் பக்கமிருந்து நுழைவது, எப்போது இறங்க ஆரம்பிப்பது என்று நிதானமாக யோசிக்கலாம். இதில் எனக்குப் பரம திருப்தி.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருவோம்.

முதன்மை அலைவரிசையில் யார் வாய் திறந்தாலும் இது ஸ்டாண்ட்பை ஒலியை அப்படியே வெட்டிவிடும். குறைப்பதில்லை, வெட்டுகிறது. கன்ட்ரோலர் பேச்சு தவறக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு, நியாயம்தான், நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ஏடிஸ் நமக்காக நிற்காதே? அது பாட்டுக்கு ஓடும். விமான நிலையப் பெயர், தகவல் கோல்ஃப் (அந்தப் பதிவின் அடையாள எழுத்து), நேரம், ஓடுபாதை, காற்று, பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, பனிநிலை, அப்புறம் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் வைக்கவேண்டிய காற்றழுத்த எண், "க்யூஎன்எச் ஒன் ஸீரோ..." என்னும்போது டக்கென்று யாரோ ஒருவர் தன் உயரத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். அவர் முடித்து ஒலி திரும்பும்போது டாக்ஸிவே மூடல் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு சுற்று காத்திருந்தால், அதே இடத்தில் கன்ட்ரோலர் அவருக்குப் பதில் சொல்வார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இந்த மியூட்டுக்காகவே சொன்ன பழமொழி.

நான் அந்த எண்ணுக்கு ஏன் இப்படி அலைகிறேன் என்றால், அந்த அழுத்தத்தின் அலகான ஹெக்டோபாஸ்கல் ஒன்று உயரத்தில் ஏறக்குறைய 27 அடி. 1003-ஐ 1008 என்று வைத்துவிட்டால் ஆல்டிமீட்டர் நூற்று முப்பது அடிக்கு மேல் கூட்டிக் காட்டும், நாம் நினைப்பதைவிடத் தாழ்வாகப் பறந்துகொண்டிருப்போம். மேகம் தாழ்ந்த நாளில் இதில் விளையாட முடியாது. கன்ட்ரோலரிடம் கேட்டால் சொல்வார், பெரும்பாலும் கேட்காமலே சொல்லிவிடுவார், அது வேறு. ஆனால் முழுசாகக் கேட்காமல் "தகவல் கோல்ஃப் இருக்கிறது" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஏடிஸ் செய்தி முடிந்தவரை 30 விநாடிக்குள் இருக்கவேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் பரிந்துரை. இருந்தால் எனக்கு இந்தப் பிரச்சினையே வராது. பறவைகள் நடமாட்டம், கிரேன் ஒன்று நிற்கிறது, அந்த டாக்ஸிவேயில் வேலை நடக்கிறது என்று சேர்த்துச் சேர்த்து அது நிமிஷத்தைத் தாண்டிவிடுகிறது. கூட்டமான நேரத்தில்தான் முழுத் தகவல் வேண்டும், கூட்டமான நேரத்தில்தான் இது வெட்டிக்கொண்டே இருக்கும்.

மனிதர் பேசி வெட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வேன். சின்னத் தளம் ஒன்றின் அலைவரிசையை முதன்மையில் வைத்து உயரத்தில் பறக்கும்போது எங்கோ தொலைவில் இருக்கும் வேறொரு சின்ன விமானத் தளத்தின் பேச்சும் அதே அலைவரிசையில் வந்து ஸ்க்வெல்ச்சைத் திறக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத தளங்கள் பலவும் ஒரே அலைவரிசையைப் பங்குபோட்டுக்கொள்வதால் வரும் வினை, அமெரிக்காவில் 122.8 கேட்டவர்களுக்குப் புரியும். யாரோ ஒருவர் நான் போகவே போகாத ஓடுபாதைக்குத் திரும்புகிறாராம், அதைச் சொல்ல என் க்யூஎன்எச்சை விழுங்கிவிட்டுப் போகிறார். பேச்சு கூட வேண்டாம், ஒரு "கர்ர்" போதும். மியூட்டை அணைக்க ஒரு வழி இருக்குமென்று மெனுவைத் தலைகீழாகத் தேடியாச்சு, இந்த மாடலில் இல்லை. பழுது பார்த்தவர்களிடமும் கேட்டேன், "அப்படித்தான் சார் வரும்" என்றார்கள்.

வானிலை இப்போது டேப்லெட்டிலேயே வருகிறதே என்பார்கள். வரட்டும். அதில் வரும் மெட்டார் வழக்கமாக மணிக்கு ஒருமுறை எடுத்த விமான நிலைய வானிலை அறிக்கை, காற்றின் திசையும் உண்மை வடக்கைக் கொண்டது, ரேடியோவில் டவர் சொல்வது காந்த வடக்கைக் கொண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமான ஊர்களில் குறுக்குக் காற்றைக் கணக்கிடும்போது அது இடிக்கும். ஏடபிள்யுஓஎஸ் என்ற தானியங்கி வானிலைக் கருவி வைத்திருக்கும் சின்னத் தளங்களில் நிமிஷத்துக்கு நிமிஷம் புதிதாக அளந்து அந்த இயந்திரக் குரல் சொல்கிறது, செய்தியும் குட்டை, வெட்டுப்பட்டாலும் அடுத்த சுற்று உடனே வந்துவிடும். அங்கெல்லாம் இந்த ரேடியோவோடு எனக்குச் சண்டையே இல்லை.

நண்பருக்கு என் பதில்: இரண்டு ரேடியோவும் ஒரு நல்ல ஆடியோ பேனலும் ஏற்கெனவே இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். சில பேனல்களில் ஒரு ரேடியோவை இடது காதிலும் மற்றதை வலது காதிலும் பிரித்துக் கேட்கலாம், வெட்டும் கிடையாது ஒட்டும் கிடையாது. ஒரே ரேடியோதான் என்றால் வாங்குங்கள், ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் மியூட்டை அணைக்கவோ ஒலியைக் குறைக்க மட்டும் வைக்கவோ முடியுமா என்று கையேட்டைத் திறந்து பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. மேலே அவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டா என்றால், ஆமாம், இரண்டுதான். இன்று காலை நான்கு சுற்று கேட்டும் அந்த எண் கிடைக்கவில்லை.