1948 வெள்ளி டொலர் வாங்கப் போறீங்களா? முதலில் தராசில் வையுங்கள்

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய கனடா நாணயம், நோட்டு சேர்க்கும் நம்மவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு மேசைக்காரரிடம் 900 டொலர் கொடுத்து நான் வாங்கிய 1948ஆம் ஆண்டு வெள்ளி டொலர் போலி. என் காசு திரும்பி வராது. ஆனால் அதே அச்சில் வார்த்தது இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1947 வரை கனடா நாணயத்தில் ஆறாம் ஜோர்ஜின் தலையைச் சுற்றி ‘இந்தியாவின் பேரரசர்’ என்பதற்கான லத்தீன் சுருக்கமும் இருக்கும். இந்தியா சுதந்திரம் அடைந்ததும் அதை எடுக்க வேண்டி வந்தது. திருத்திய அச்சு லண்டனிலிருந்து வந்து சேரத் தாமதமானது. அதுவரை ஒட்டாவா நாணயசாலை 1947 என்ற ஆண்டையே வைத்து, பக்கத்தில் சின்னதாக ஒரு மேப்பிள் இலையைப் போட்டு அடித்துச் சமாளித்தது. பிறகு புதிய அச்சில் 1948 என்று அடித்த வெள்ளி டொலர்கள் மொத்தம் 18,780தான்.

எனக்கு விற்றவர் இதை என்னைவிட நன்றாகச் சொன்னார். சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. கதை உண்மையாக இருந்ததால் கையில் இருந்ததையும் உண்மை என்று நம்பிவிட்டேன். "கடையில 1,300க்குக் குறைச்சுத் தரமாட்டாங்கள் தம்பி. எங்கட பெடியன் எண்டதாலதான் இந்த விலை" என்றார். நான் யோசிப்பதைப் பார்த்து, கேட்காமலேயே லாச்சியைத் திறந்து ஒரு காந்தத்தை எடுத்தார். "பாருங்கோ, ஒட்டுதோ?" ஒட்டவில்லை. அதோடு என் சந்தேகமும் போய்விட்டது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் அதில் இரும்போ தனி நிக்கலோ இல்லை, அவ்வளவுதான். செம்பு ஒட்டாது, பித்தளை ஒட்டாது, செம்பும் நிக்கலும் கலந்த உலோகமும் ஒட்டாது. வெள்ளி முலாம் பூசிய போலியில் பெரும்பாலும் உள்ளே இருப்பது இவைதான். விற்கிறவர் தானாகவே காந்தத்தை எடுத்து நீட்டினால் அங்கேயே விலகிவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து, மனைவியின் சங்கிலியைத் திருத்தக் கொடுக்க ஸ்காபரோவில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணையிடம் காட்டும் ஆசையில் அந்த நாணயத்தையும் கொண்டு போயிருந்தேன். அவர் அதைத் தராசில் வைத்தார். 20.4 கிராம். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே 20.4. 1935 முதல் 1967 வரை அடித்த கனடா வெள்ளி டொலர் எல்லாம் 23.3 கிராம் இருக்க வேண்டும். 80 வீதம் வெள்ளி, மிகுதி செம்பு, விட்டம் 36 மில்லிமீற்றர். அண்ணை என் முகத்தைப் பார்க்காமலேயே, "தம்பி, இது வெள்ளியில்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து, என்னிடம் இருந்த சாதாரண 1966 டொலரை அதன் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். இரண்டிலும் பின்பக்கத்தில் சிற்பி இமானுவேல் ஹான் வடித்த அதே தோணிப் படம்தான். வாங்குவதற்கு முன் இப்படிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். 1966இல் தோணியில் உள்ள பொதியில் ஹட்சன் பே கம்பனியின் இரண்டு எழுத்துகள் மெலிதாகத் தெரிகின்றன. பின்னணியில் வடதுருவ ஒளி மயிரிழைக் கோடுகளாக இறங்குகிறது. என்னுடைய 1948இல் பொதி வெறும் மேடு. ஒளிக் கோடுகள் ஈரச் சுவரில் விரலால் இழுத்த மாதிரி மழுங்கிக் கிடக்கின்றன. தோணியின் முன்மூக்குக்குக் கீழே, தண்ணீரில், ஊசி குத்தியது போல இரண்டு சின்னக் குழிகள்.

அடுத்த ஞாயிறு திரும்பிப் போனேன். மேசை அங்கேயேதான் இருந்தது. "என்னட்டை வாங்கினதெண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். காசாகக் கொடுத்தேன், பற்றுச்சீட்டு வாங்கவில்லை. விற்கும்போது தம்பி என்று கூப்பிட்டவர், பக்கத்து மேசைக்காரர்களுக்குக் கேட்கிற மாதிரி, நான் நாணயத்தை மாற்றிக் கொண்டுவந்துவிட்டேன் என்றார். நாற்பது வயதில் நடுச்சந்தையில் கள்ளன் பட்டம். 900 டொலர் போனதை விட அதுதான் இன்னும் உறைக்கிறது.

அன்று அங்கே நின்றபோதுதான் நோட்டுத் தட்டையும் நிதானமாகப் பார்த்தேன். 1967 நூற்றாண்டு ஒரு டொலர் நோட்டு, தொடர் இலக்கத்துக்குப் பதிலாக 1867–1967 என்று இருப்பது, ‘இலக்கம் அடிக்க மறந்த நோட்டு’ என்று 40 டொலருக்கு இருந்தது. யாரும் மறக்கவில்லை. வேண்டுமென்றே அப்படி ஏராளமாக அச்சிட்டார்கள், இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. பக்கத்தில் ‘பேய்முகம்’ என்று ஒரு 1954 நோட்டு. மகாராணியின் காதுக்குப் பின்னால் தலைமயிரில் பேயின் முகம் தெரிகிறது என்று பேச்சு கிளம்பியதால் 1956இல் படத்தைத் திருத்தத் தொடங்கினார்கள், திருத்துவதற்கு முந்தியதற்குத்தான் விலை. அந்தத் தட்டில் இருந்ததில் ரஸ்மின்ஸ்கியின் கையெழுத்து. அவர் கனடா வங்கியின் ஆளுநரானது 1961இல். அந்தக் கையெழுத்துள்ள நோட்டில் பேய்முகம் இருக்க வழியே இல்லை.

ஒரு, இரண்டு டொலர் நோட்டுகளை அரசாங்கம் ‘செல்லாது’ என்று சொல்லிவிட்டது, அதனால் இனிக் கிடையாது என்றும் அவசரப்படுத்துவார்கள். 2021 ஜனவரி 1 முதல் அவற்றைக் கொடுத்துக் கடையில் சாமான் வாங்க முடியாமல் போகலாம். ஆனால் கனடா வங்கி முகப்பெறுமதியை இப்போதும் தரும். அந்த அறிவிப்பால் ஒரு நோட்டும் அரிதாகிவிடவில்லை.

இப்போது நான் எங்கே போனாலும் 0.1 கிராம் காட்டும் கைத்தராசும் அந்த 1966 டொலரும் பையில் இருக்கும். தராசு 20 டொலர்கூட வராது. எடை பார்க்க விடாதவரிடம் பேசிக்கொண்டு நிற்பதே இல்லை. விலை கூடிய நாணயம் என்றால் தரம் சான்றளிக்கும் நிறுவனத்தின் உறையில் இருந்தால்தான் யோசிப்பேன். உறையையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால் அதன் இலக்கத்தை நிறுவனத்திடம் சரிபார்த்த பிறகுதான் காசு கொடுப்பேன்.

போன கிழமை மிசிசாகாவில் இருக்கும் நண்பர், தான் வேறொருவரிடம் வாங்கிய 1948இன் படத்தை ஆசையோடு அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். தோணியின் முன்மூக்குக்குக் கீழே, தண்ணீரில், அதே இரண்டு குழிகள். உங்களிடம் ஒரு 1948 இருந்தால் இன்றே அந்த இடத்தைப் பாருங்கள்.