ஆறு மாரி பார்த்த ட்ரையர்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்கு உடுப்புக் காயவைக்கும் ட்ரையர் வந்தது 2019 செப்டெம்பரில். ஆறு கிலோ கொள்ளளவு, 2,200 வாட், ஈரக் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் பழைய வகை. அதை இறக்கி வைத்தபோது மாமி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கொடி கட்டத் தெரியாத ஆக்களோ நாங்கள், பிள்ளை?"

அவர் கேட்டது நியாயம்தான். மாசி முதல் ஆவணி வரை எங்கள் முற்றத்து வெயிலில் சாரம் அரை மணித்தியாலத்தில் காயும். ஆனால் ஐப்பசி தொடங்கினால் கதை வேறு. இங்கே வருடத்து மழையின் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்துக்குள்தான் கொட்டித் தீர்க்கிறது. இரண்டு பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டைகள் விறாந்தைக் கொடியில் மூன்று நாள் தொங்கி, முடை நாற்றத்தோடு அயன் பெட்டிக்குக் கீழே போகும். அந்த மணத்தை மூடப் பவுடர் போட்டு அனுப்பிய காலைகளுக்குப் பிறகுதான் வாங்கினோம்.

ஆறு மாரி போய்விட்டது. வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லாத விடயம், இங்கே இது வருடத்தில் மூன்று மாதம் வேலை செய்து ஒன்பது மாதம் சும்மா கிடக்கும் சாமான். எங்கள் வீட்டில் வந்த பழுதுகளில் பாதி, ஓடியதால் வந்தவை அல்ல, கிடந்ததால் வந்தவை.

முதல் பாடம் பிளக்கில் வந்தது. 2,200 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஒன்பதரை அம்பியருக்கு மேல், அதுவும் ஒரு மணித்தியாலம் விடாமல். நான் அதை ஃபிரிட்ஜோடு சேர்த்து மல்டி பிளக்கில் சொருகியிருந்தேன். இரண்டாம் கிழமையே எரிந்த மணம். தொட்டுப் பார்த்தால் பிளக் சுட்டது, துளையைச் சுற்றிப் பழுப்பாகியிருந்தது. வயரிங் செய்யும் தம்பியைக் கூப்பிட்டு, மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தனியாக ஒரு 13 அம்பியர் பிளக் போயின்ட் போட்டோம். இன்றுவரை மாரித் தொடக்கத்தில் முதல் தடவை ஓடவிட்டு, கால் மணித்தியாலம் கழித்து நிறுத்திப் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பேன். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் உள்ளே எங்கோ பிடி தளர்ந்திருக்கிறது.

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரேவிப் புயல் வந்த கிழமை, வீடெல்லாம் ஈரம். ஒரு மணித்தியாலத்தில் காய்ந்த உடுப்பு இரண்டரை மணித்தியாலம் ஆகியும் நனைந்த பூனை மாதிரி வந்தது. திருத்த வந்தவர் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு "ஹீற்றர் போகப் போகுது அக்கா" என்று ஒரு விலையும் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார். மாமிதான் குசினியிலிருந்து கேட்டார், "நீத்துப்பெட்டி அடைச்சா புட்டு வேகாது. அதுக்கு அடுப்பிலை பிழை சொல்லுறதோ?"

அதுதான் விசயம். ட்ரையரின் வேலையில் பாதி சூடாக்குவது, மற்றப் பாதி ஆவியை வெளியே அனுப்புவது. ஆவி போக வழியில்லாவிட்டால் உள்ளே காற்று நிரம்பி நிற்கும், தெர்மோஸ்டாட் "போதும் சூடு" என்று ஹீற்றரை அடிக்கடி நிறுத்தும், உடுப்பு மட்டும் ஈரமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். ஆள் பார்த்தால் ஹீற்றர் பழுது மாதிரித்தான் தெரியும். இதைச் சோதிக்க ஒரு சதமும் செலவில்லை: பின்னாலிருக்கும் குழாயைக் கழற்றிவிட்டு, அறை யன்னலைத் திறந்து வைத்து, ஒரு தடவை ஓடவிடுங்கள். உடுப்பு ஒழுங்காகக் காய்ந்தால் பழுது மெசினில் இல்லை, குழாயில்.

எங்கள் குழாயில்தான். சுவருக்கு வெளியே இருக்கும் மூடியில் குளவி மண்கூடு கட்டி, அந்தச் சிறு தகடுகள் திறக்க முடியாமல் ஒட்டிப்போயிருந்தன. ஒன்பது மாதம் காற்றே போகாத துவாரம், மழைச்சாரல் படாத மறைவு. குளவிக்கு வேறென்ன வேண்டும்? குழாயின் நடுவில் தொய்ந்த இடத்தில் தண்ணீர் கட்டி, அதில் நூல்தும்பு ஊறிக் களியாகக் கிடந்தது. மண்ணைச் சுரண்டி, குழாயைக் குட்டையாக வெட்டித் தொய்வில்லாமல் மாட்டினேன். வேலை அரை நாள். ஹீற்றர் இன்றும் அதே ஹீற்றர்தான். தையில் மழை விட்டதும் அந்த மூடிக்கு மேல் பழைய நைலோன் வலை கட்டிவிடுவேன், புரட்டாசியில் அவிழ்ப்பேன். வலையைக் கட்டியபடியே ஓடவிடக்கூடாது, தும்பு அதில் படிந்து மறுபடியும் அடைக்கும். குழாயும் மெல்லிய பிளாஸ்டிக்கில் வேண்டாம், அலுமினியமே நல்லது.

நூல்தும்பு பற்றி எல்லாக் கைநூலும் சொல்லும், ஒவ்வொரு தடவையும் ஃபில்டரைத் துடை என்று. துடைக்கிறோம். ஆனால் எங்கள் ஊரில் வேறொரு படிவும் உண்டு. கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது இதுதான், கொடியில் காய்ந்த துவாய் பலகை மாதிரி விறைப்பதற்கும் இதில் ஒரு பங்கு. ட்ரையரில் போட்டால் துவாய் மென்மையாக வருகிறது, அந்த ஒரு சுகத்துக்காகவே மாமி பிறகு மனம் மாறினார். ஆனால் அந்தத் தண்ணீரிலேயே ஃபில்டர் வலையைக் கழுவிக் கழுவி வைத்தால் கண்ணுக்குத் தெரியாத படலம் வந்துவிடும். வலையில் சிறிது தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். உடனே கீழே இறங்கினால் நல்லது. மேலே தேங்கி நின்றால் காற்றும் போகாது. நான் பழைய பற்தூரிகையால் வினாகிரி தேய்த்து, ஊறவிட்டு, கடைசியில் மழைத்தண்ணீரால் அலசுவேன். வாசனைத் தாள்கள், உடுப்பை மென்மையாக்கும் திரவங்கள் போடுபவர்களின் வலையிலும் மெழுகு மாதிரி ஒரு படிவு வரும். அதற்கு வினாகிரி போதாது, சவர்க்காரத் தண்ணீர் வேண்டும். டிரம்முக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகள்தான் ஈரத்தை அறிபவை. அவற்றையும் வினாகிரித் துணியால் துடைத்து வைக்கலாம்.

2021 கார்த்திகையில் வந்த பழுது வேறு மாதிரி. டிரம் சுற்றியது, விசிறி ஓடியது, காற்று மட்டும் குளிர்ந்தே வந்தது. முதல் நாள் என்ன நடந்தது என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. உச்சச் சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருந்தது. சாதாரணமாக ஓட்டம் முடியும் நேரம் ஹீற்றர் நின்று, பத்து நிமிடமாவது வெறும் காற்று ஓடி எல்லாம் ஆறும். கரண்ட் திடீரென்று போனால் அந்த ஆறுதல் இல்லை. ஹீற்றரில் தேங்கிய சூடு போக இடமின்றி அதன் பக்கத்திலிருக்கும் பாதுகாப்புக் கட்-அவுட்டை விழுத்திவிடும். எங்கள் மெசினில் அதற்குப் பின்னால் ஒரு சிறு பொத்தான் இருந்தது. பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, அழுத்தியதும் சரி. சில மெசின்களில் அது ஒருமுறை போனால் போனதுதான், புதிதாகத்தான் போட வேண்டும். இரண்டு வயரையும் முறுக்கிக் கட்டி "ஓடுது அக்கா" என்று யாராவது சொன்னால் ஓடவிடாதீர்கள். வீடு எரியாமல் காக்கும் கடைசிச் சாமான் அது.

அன்றிலிருந்து மின்னல் அடிக்கும் இரவுகளில் ட்ரையரைத் தொடுவதில்லை. இடையில் கரண்ட் போனால் கதவைத் திறந்து உடுப்பை வெளியே எடுத்து விரித்துவிடுவோம், குவித்து வைப்பதில்லை.

குவித்து வைக்காததற்கு இன்னொரு காரணம் எண்ணெய். சனி முழுக்குக்குப் பிறகு தலை துடைத்த துவாயில் நல்லெண்ணெய் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தோய்த்தாலும் முழுவதும் போகாது. தாவர எண்ணெய் ஊறிய துணியைச் சூடாக்கிச் சுருட்டி வைத்தால் அது தானாகவே மேலும் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே முழுக்குத் துவாய், குசினிக் கைத்துணி, மண்ணெண்ணெய் பட்ட சாரம் மூன்றும் எங்கள் வீட்டில் கொடிக்குத்தான், மழை என்றாலும். பட்டும் சரிகை வேட்டியும் சொல்லவே வேண்டாம்.

செலவுக்கு வருகிறேன். ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்க இந்த வகை மெசினுக்கு ஏறத்தாழ 0.65 யூனிட் வேண்டும். ஒருநாள் ஆர்வத்தில் நிறுத்துப் பார்த்தேன்: காய்ந்தபோது நாலு கிலோ இருந்த உடுப்பு, வோஷிங் மெசினில் பிழிந்து எடுத்தபோது ஏழு. மூன்று லீற்றர், குறைந்தது இரண்டு யூனிட். உண்மையில் இரண்டரைக்குக் கிட்டப் போகும். இன்னொரு தடவை பிழியவிட்டேன், அரை லீற்றருக்கு மேல் இறங்கியது. பிழிவதற்குப் போகும் கரண்ட் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. யூனிட் கூடக் கூட யூனிட்டின் விலையும் ஏறும் கட்டணமுறை நம்முடையது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறிய பிறகு, பள்ளிச் சட்டை, உள்ளுடுப்பு, துவாய் தவிர வேறெதையும் போடுவதில்லை. மிச்சத்தை விறாந்தைக் கொடியில் பாதி காயவிட்டு, கடைசி இருபது நிமிடம் ட்ரையரில்.

பின்னேரம் ஏழு மணிக்கு ஓடவிட்டால் ஏன் நேரம் பிடிக்கிறது என்பதும் தாமதமாகத்தான் புரிந்தது. எல்லா வீட்டிலும் லைட்டும் மோட்டரும் ஓடும் நேரம், எங்கள் பக்கம் வோல்ட்டேஜ் 200-க்கு இறங்கும். ஹீற்றரின் வலு வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு குறைவது: 230-ல் 2,000 வாட் தரும் ஹீற்றர் 200-ல் 1,500 சொச்சம்தான் தரும். மெசினில் ஒரு பிழையும் இல்லை. பகலில் போடுங்கள்.

2023 நவம்பரில் டிரம்மைச் சுற்றும் பெல்ட் அறுந்தது. மோட்டர் உறுமும், டிரம் அசையாது, கையால் தட்டினால் ராட்டினம் மாதிரி இலேசாகச் சுற்றும். அப்படியென்றால் பெல்ட்தான். பழைய பெல்ட்டில் "1930 எச்7" என்று அடித்திருந்தது: 1,930 மில்லிமீற்றர் நீளம், எச் வகை, நீளவாக்கில் ஓடும் மேடுகள் ஏழு வரி. யாழ்ப்பாணத்தில் நான் கேட்ட கடைகளில் இல்லை. கனடாவிலிருக்கும் தம்பி ஒன்று வாங்கி அனுப்பினான். வந்து பார்த்தால் 92 அங்குலம், எங்களுடையதைவிடப் பதினாறு அங்குலம் நீளம், ஒல்லியாக வேறு. அங்கே டிரம்மே பெரிது என்று பிறகுதான் தெரிந்தது. கடைசியில் லண்டன் அக்கா அனுப்பியது பொருந்தியது. அங்கே விற்கும் மெசின்கள் எங்களுடையதின் சொந்தக்காரர்கள். வரிப்பக்கம் டிரம்மைத் தொட வேண்டும் என்பதைத் தலைகீழாகப் போட்டு ஒருமுறை கற்றுக்கொண்டேன். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் மடிந்து கிடந்த பெல்ட் அந்த மடிப்பிலேயே அறுந்திருந்தது. இப்போது மழையில்லாத மாதங்களிலும் மாதம் ஒருதடவை, மூடியின் வலையை அவிழ்த்துவிட்டு, வெறுமனே பத்து நிமிடம் சுற்றவிடுகிறேன். எறும்பும் பல்லியும் குடியேறாமல் இருக்கவும் அது நல்லது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் பள்ளிப் பிள்ளைகளோ படுக்கையில் முதியவர்களோ இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தக் காசை நன்றாகப் பிழியும் வோஷிங் மெசினில் போடுங்கள். சூட்டை வெளியே விடாமல் மறுபடி பாவிக்கும் ஹீட் பம்ப் வகைக்குக் கரண்ட் பாதிகூடப் போகாது, குழாயும் வேண்டாம், குளவிக்கும் இடமில்லை. ஆனால் உள்ளே ஃபிரிட்ஜ் மாதிரி கேஸ் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டு வாங்குவது புத்தி.

எங்களுடையது போன மாரியிலிருந்து கீச்சிடுகிறது. டிரம்மைத் தாங்கும் சில்லுகள் தேய்ந்திருக்கின்றன. எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார், தும்பும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லிவிட்டேன். அக்கா நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். சில்லின் அளவைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.