"பாதுகாப்பு செட்டிங் தனி" என்று கட்டணம் கேட்கும் இணைய நிறுவனங்கள்: கவனம்

புது இணைப்பு கொடுக்க வரும் டெக்னீசியன் ரவுட்டரை மாட்டி முடித்ததும் "பாதுகாப்பு செட்டிங் தனி, அதற்குத் தனிக் கட்டணம்" என்று ஆரம்பித்தால், அதில் என்னென்ன வேலை அடக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் செய்தது இரண்டே வேலை. வைஃபை பெயரைப் பட்டியலில் தெரியாதபடி மறைத்தார்கள். அப்புறம் மேக் ஃபில்டர் போட்டு, மேக் முகவரி என்ற அடையாள எண்ணைப் பதிவு செய்த கருவிகள் மட்டும் இணையும்படி வைத்தார்கள். இரண்டுமே பாதுகாப்பு இல்லை. ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டு வாசலைத் திறந்து போட்டுப் போன வேலை அது.

பெயரை மறைத்தால் பட்டியலில் தெரியாது, அவ்வளவுதான். நம் போன் ரவுட்டருடன் இணையும்போதெல்லாம் அந்தப் பெயர் அப்பட்டமாகக் காற்றில் போகிறது. அதைப் படிக்க இலவச மென்பொருளே போதும். போதாக்குறைக்கு, மறைந்த நெட்வொர்க்கைத் தேடி நம் போன் போகிற இடமெல்லாம் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போகும். மேக் முகவரியும் இப்படித்தான், எந்த மறைப்பும் இல்லாமல் காற்றில் போகும் ஒவ்வொரு தகவல் துண்டிலும் போகிறது. பார்த்து நகல் எடுத்துக்கொள்வது சின்ன வேலை.

மேக் ஃபில்டர் திருடனைத் தடுக்காது. ஆனால் வீட்டுக்காரரை நன்றாகவே தடுக்கும். புதுப் போன் வாங்கினால் இணையாது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்கள் நிஜ முகவரியைக் காட்டாமல் தாங்களே ஒரு மேக் முகவரியை உருவாக்கிக்கொள்கின்றன. அதனால் பழைய போனை ரீசெட் செய்தாலும் ரவுட்டருக்கு அது புது ஆள்தான். ஒவ்வொன்றையும் சேர்க்க டெக்னீசியன் வர வேண்டும், வந்தால் வருகைக் கட்டணம். நாமே சேர்த்துக்கொள்ளலாமே என்று ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறக்கும் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டதற்கு, "கஸ்டமருக்குத் தருவதில்லை, தெரியாமல் எதையாவது மாற்றிவிடுவீர்கள்" என்று பதில். இந்த ஏற்பாட்டில் யாருக்கு லாபம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டவாளம் வெளியே வந்தது வங்கித் தளத்தால். முகவரியைச் சரியாக அடித்தாலும் "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று பிரவுசர் எச்சரித்தது. லேப்டாப், போன் எல்லாவற்றிலும் அதே கதை. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்த்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. கோளாறு ரவுட்டரில்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கஸ்டமர் கேரில் ஒருவர் போனில் வைரஸ் என்றார். இன்னொருவர் கேச்சை அழிக்கச் சொன்னார். மூன்றாமவர் புது மாடல் ரவுட்டரை விற்கப் பார்த்தார். வீட்டிலுள்ள எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தில் வைரஸ் வருமா என்று கேட்டால், "மேலே சொல்கிறோம் சார்." மேலே யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க பிரவுசரில் 192.168.1.1 அடித்தேன். யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். திறந்துவிட்டது! கஸ்டமரிடம் சொல்லக்கூடாத ரகசியம் இதுதான். உள்ளே ரிமோட் மேனேஜ்மென்ட் ஆன் செய்திருந்தது. அதாவது ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தை இணையத்தில் எங்கிருந்தும் திறக்கலாம். டிஎன்எஸ் என்ற இடத்தில் யாருடையது என்றே தெரியாத இரண்டு எண்கள் இருந்தன. நிறுவனத்தின் எண்களும் இல்லை, பலரும் போட்டுக்கொள்ளும் 8.8.8.8, 1.1.1.1 போன்றவையும் இல்லை.

நாம் அடிக்கும் தளப் பெயருக்கு உரிய எண் முகவரியைச் சொல்வது டிஎன்எஸ் சர்வர். அது பொய் சொன்னால், வங்கியின் பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்தாலும் வேறு யாரோ செய்து வைத்த பக்கத்துக்குப் போய் நிற்போம். புதுத் தந்திரமும் இல்லை. 2011 நவம்பரில் எஃப்பிஐ முடக்கிய டிஎன்எஸ் சேஞ்சர் கும்பலின் வைரஸ் இதே வேலையைத்தான் செய்தது. கணினியோடு நிற்காமல், மாற்றப்படாத பாஸ்வேர்டை வைத்து ரவுட்டருக்குள்ளும் நுழையப் பார்த்தது. 2016இல் இணையத்தையே ஆட்டிவைத்த மிராய் என்ற வைரஸுக்கும் மூலதனம், கம்பெனியில் போட்டுத் தரும் சுமார் 60 யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடிகள்தான். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் போட்டு விற்பதே சட்டவிரோதம்.

இன்னும் இருக்கிறது. வைஃபை பாஸ்வேர்ட் என்று அவர்கள் வைத்தது நிறுவனத்தின் பெயரும் எங்கள் போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கமும். எல்லா வீட்டுக்கும் இதே பாணியாம். நான்கு இலக்கம் என்றால் மொத்தமே 10,000 வாய்ப்பு. ஒரு போன் இணையும் நேரத்தில் அந்தப் பரிமாற்றத்தைப் பிடித்துவிட்டால், பிறகு சாதாரண கணினியே உட்கார்ந்த இடத்தில் சரிபார்த்து முடித்துவிடும்.

டபிள்யூபிஎஸ்ஸும் ஆன். பட்டனை அழுத்தி இணைக்கும் வசதி என்று நினைப்போம். அதன் கூடவே ஒரு 8 இலக்கப் பின் எண்ணும் வருகிறது. 8 இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு, யாரால் கண்டுபிடிக்க முடியும் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். அதைவிட மோசம், முதல் பாதி சரியா தவறா என்று ரவுட்டர் தனியாகச் சொல்லிவிடும். முதல் பாதிக்கு 10,000, மீதிக்கு 1,000, ஆக 11,000 முயற்சி. தவறான முயற்சிகளைத் தடுக்காத ரவுட்டரில் சில மணி நேரத்தில் வேலை முடிந்தது. 2011 டிசம்பரிலேயே அம்பலமான ஓட்டை இது.

ரீசெட் செய்ய முடிவெடுத்தபோது அடுத்த இழுபறி. ரீசெட் செய்தால், ரவுட்டர் நிறுவனத்தின் இணைப்புக்குள் நுழையப் பயன்படுத்தும் பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் அழிந்துவிடும், அவை இல்லாமல் இணையம் வராது. கேட்டால் "கம்பெனி ரூல், தர முடியாது." எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்த பிறகுதான் கொடுத்தார்கள். நாங்களும் பணம் கொடுக்கிற கஸ்டமர்தானே என்ற எரிச்சல் இன்னும் போகவில்லை.

அதன்பின் நடந்ததெல்லாம் பைசா செலவில்லாத வேலை. கேபிளில் லேப்டாப்பை இணைத்து ரீசெட் செய்து, முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினோம். அப்புறம் ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருளின் அப்டேட். ரிமோட் மேனேஜ்மென்ட், டபிள்யூபிஎஸ் இரண்டையும் அணைத்தோம். "அணைத்தால் ஆபீசிலிருந்து சரிபார்க்க முடியாது" என்று மிரட்டிப் பார்த்தார்கள். நிறுவனங்கள் அதற்குப் பயன்படுத்தும் டிஆர்-069 என்ற வழி வேறு, இணையத்துக்கே செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து வைப்பது வேறு. குழப்பினால் மசியாதீர்கள். வைஃபையில் போகும் தகவலைப் பூட்டும் பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, பழைய கருவிகள் ஒத்துவராவிட்டால் ஏஇஎஸ் என்ற பூட்டு முறை உள்ள டபிள்யூபிஏ2. டபிள்யூஇபி என்ற பழைய வகை மட்டும் வேண்டவே வேண்டாம், அது 2001லேயே உடைந்துபோனது. வைஃபை பாஸ்வேர்ட் 63 எழுத்து வரை வைக்கலாம், சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும். கேமரா, டிவி போன்றவை கெஸ்ட் நெட்வொர்க் என்ற தனி வைஃபையில். டிஎன்எஸ் எண்களை மட்டும் எப்போதாவது ஒரு தரம் போய்ப் பார்த்துக்கொள்கிறோம். வங்கிப் பாஸ்வேர்டை மொபைல் டேட்டாவில் மாற்றியாகிவிட்டது.

பாதுகாப்புக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்டோம். "முழுப் பாதுகாப்பு செய்யப்பட்டது" என்று எழுதிய சர்வீஸ் சீட்டில் எங்கள் கையெழுத்து இருப்பதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். ஆகவே அந்தச் சீட்டை நீட்டும்போது, அட்மின் பக்கத்தை உங்கள் கண்முன் திறந்து, பாஸ்வேர்டை உங்கள் கையால் மாற்ற விடச் சொல்லுங்கள். பிபிபிஓஇ விவரத்தை அதே சீட்டின் பின்னால் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் மறுத்ததையே சீட்டில் எழுதிவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.