இன்ரர்லொக்கா, கொங்கிறீற்றா, இயற்கைக் கல்லா? ஒன்ராறியோக் குளிரைத் தாங்குவது எது

ஸ்காபுறோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் வீடு வாங்கியவர்கள் பின்வளவில் தளம் போட விலை கேட்டால், பேச்சு முழுக்கக் கல்லின் நிறத்திலும் வடிவத்திலும்தான் போகும். கல்லுக்குக் கீழே எத்தனை அங்குலம் சல்லி, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்பவர்கள் குறைவு. பத்து வருடத்துக்குப் பிறகு தளம் எப்படி இருக்கும் என்பது அந்த இரண்டு பதில்களிலும் இருக்கிறது.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அதைவிடப் பெரிய சேதத்தைச் செய்வது மண். நுண்ணிய வண்டலும் களியும் உறையும்போது கீழிருந்து ஈரத்தை இழுத்துத் தட்டுத் தட்டாகப் பனி கட்டும். அந்தத் தட்டுகள் தளத்தைத் தூக்கும். வசந்தத்தில் உருகும்போது மண் கூழாகி, தளம் ஒரே அளவாக இறங்காது. ரொறன்ரோவில் அத்திவாரத்துக்கு உறையும் ஆழம் 1.2 மீற்றர், அதாவது 4 அடி என்று கணக்கெடுக்கிறார்கள். முற்றத்துக்கு யாரும் நாலடி தோண்டுவதில்லை. ஆகவே தளம் கொஞ்சமாவது அசையும். அசைந்த பிறகு என்ன ஆகும் என்பதை வைத்தே ஒவ்வொன்றையும் எடைபோட வேண்டும்.

ஊற்றும் கொங்கிறீற்

சமதளம் கிடைக்கும், சினோ வழிப்பது சுலபம், சக்கர நாற்காலிக்கு இதைவிட நல்ல தளம் இல்லை. ஆனால் அசைந்தால் வெடிக்கும். வெடித்தால் ஒட்டுப்போடலாமே தவிரப் பழையபடி ஆக்க முடியாது. நிறமூட்டி அச்சுப் பதித்த தளம் என்றால் ஒட்டுப்போட்ட இடம் என்றைக்கும் தனியாகத் தெரியும்.

உப்புப் படும் வெளித்தளத்துக்குக் கனடியத் தரத்தில் சி-2 வகைக் கலவை சொல்லப்படுகிறது: 32 மெகாபாஸ்கல் வலு, தண்ணீர்-சீமெந்து விகிதம் 0.45க்கு மேல் போகக்கூடாது, 20 மில்லிமீற்றர் சல்லி என்றால் 5 முதல் 8 சதவீதம் நுண்காற்றுக் குமிழ்கள். பனிக்கு விரிய இடம் கொடுப்பவை அந்தக் குமிழ்களே. லொறி வந்ததும் சீட்டை வாங்கி சி-2 என்று இருக்கிறதா பாருங்கள். பரப்புவதற்கு இலகுவாக இருக்கட்டும் என்று வேலையாள் குழாயைத் திருகித் தண்ணீர் சேர்த்தால், அந்த நிமிடமே சீட்டில் உள்ள எண்களுக்கு அர்த்தமில்லை. அடுத்த மார்ச்சில் மேற்தோல் சில்லுச் சில்லாக உரிந்து, உள்ளே சல்லி தெரியும்.

4 அங்குலத் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு, 1 அங்குல ஆழத்தில் வேண்டும்; வெடித்தால் அந்தக் கோட்டில் வெடிக்கட்டும். வீட்டுச் சுவரோடும் படியோடும் ஒட்டி ஊற்றாமல் நடுவில் அசைய இடம் விடும் இடைப்பட்டி வைக்க வேண்டும். செப்ரெம்பருக்குள் ஊற்றி முடிப்பது நல்லது. முதல் குளிர்காலத்தில் உப்பு வேண்டாம், மணல் போதும். அமோனியம் கலந்த பனியுருக்கி எந்த வருடமும் கூடாது.

இன்ரர்லொக்

சாந்து இல்லாமல் சல்லிமேல் அடுக்கிப் பதிக்கும் கொங்கிறீற் கற்கள். எங்கள் தெரிவு இதுதான். கல் 50 மெகாபாஸ்கல் வலுவில் ஆலையில் வார்த்து வருவதால் கல்லே உடைவது அரிது. தளம் அசைந்தால் இடுக்குகள் அதை வாங்கிக்கொள்ளும். எங்காவது தாழ்ந்தால் அந்த இடத்தைக் கழற்றி, கீழே நிரப்பி, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். நடைக்கு 60 மில்லிமீற்றர் தடிப்பு போதும். பாரமான வாகனம் ஏறும் இடத்துக்கு 80.

கெட்டுப்போவது எப்போதும் அடித்தளம். களிமண்ணில் முற்றத்துக்கும் நடைபாதைக்கும் 6 அங்குலம் சல்லி என்று எழுதித் தந்தால் 8 கேளுங்கள். கார் ஏறும் பாதைக்கு 12. 12க்கு 16 அடித் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் சல்லி 6 அங்குலம் வெளியே நீள வேண்டும். 8 அங்குலத் தடிப்பில் ஏறக்குறைய 9 தொன் சல்லி போகும். லொறி இறக்கியது 5 தொன் என்றால் மீதி எங்கே என்று அப்போதே கேட்கலாம்.

மண்ணுக்கும் சல்லிக்கும் நடுவில் வடிதுணி விரிக்காவிட்டால், சில வருடத்தில் களி மேலேறிச் சல்லியோடு கலந்துவிடும். சல்லியை 3, 4 அங்குலமாகப் போட்டு, ஈரப்படுத்தி, ஒவ்வொரு படையையும் இயந்திரத்தால் இறுக்க வேண்டும். எட்டு அங்குலத்தையும் ஒரேயடியாகக் கொட்டி மேலால் ஓட்டினால் மேல்பாதிதான் இறுகும்.

அடித்தளத்திலும் இரண்டு வழிகள் உண்டு. கிரானுலர் ஏ எனப்படும் தூளோடு கூடிய சல்லி நன்றாக இறுகும், ஆனால் கொஞ்சம் ஈரம் பிடிக்கும். தூளில்லாத முக்கால் அங்குலச் சல்லி தண்ணீரை உடனே விடும், அதனால் உறைய அதில் ஒன்றும் நிற்காது. கேட்கும்போது இரண்டாவதே சிறந்ததாகத் தெரியும். ஆனால் களிமண்ணில் தோண்டிய குழிக்குள் அதை நிரப்பி, வெளியேற வழி வைக்காவிட்டால் குளியல் தொட்டி கட்டியது போலாகும். வளவுத் தண்ணீர் எல்லாம் அங்கே வந்து தேங்கும். குழியின் அடியைச் சரித்து, தாழ்ந்த மூலையில் துளைக்குழாய் வைத்து வெளியே விட முடிந்தால் அதைப் போடுங்கள். முடியாவிட்டால் கிரானுலர் ஏயும் சரியான சரிவும் பாதுகாப்பு.

கல்லின் நேர் கீழே 1 அங்குலம் மட்டும் மணலோ, எச்.பி.பி எனப்படும் நுண்சல்லியோ. தூளில்லாச் சல்லியின் மேல் மணல் போட்டால் இடைவெளிக்குள் இறங்கிவிடும்; அங்கே எச்.பி.பிதான். விலை மலிவென்று சுண்ணாம்புக்கல் தூளைப் பரப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஈரத்தைப் பிடித்துவைத்து உறையும், வேண்டாம்.

விலைப்பட்டியலில் அநேகமாக வராத ஒரு இடம் உண்டு. புது வீடுகளில் பேஸ்மென்ற் சுவரைச் சுற்றி மூன்று நாலடி அகலத்துக்கு, தோண்டிய மண்ணையே இறுக்காமல் திரும்பத் தள்ளியிருப்பார்கள். அது வருடக்கணக்கில் இறங்கும். பின்கதவைத் திறந்து பாருங்கள்: சுவரை ஒட்டிய இரண்டு மூன்று வரிசைக் கல் உள்ளே சாய்ந்து, முதல்படியின் உயரம் கூடியிருக்கும், மழைத்தண்ணீர் சுவரை நோக்கி ஓடும். இதற்குக் குளிர் காரணமல்ல. அந்தப் பட்டையை இன்னும் ஆழமாகத் தோண்டி, படைபடையாக இறுக்கி நிரப்புவதே வழி. புது வீடென்றால் இரண்டு மூன்று வருடம் பொறுப்பது இன்னும் நல்லது. சரிவு அடிக்குக் கால் அங்குலம், வீட்டிலிருந்து வெளியே.

இயற்கைக் கல்

ஒன்ராறியோவின் வயார்ட்டன் பகுதிச் சுண்ணாம்புக்கல்லும் இந்தியாவிலிருந்து வரும் மணற்கல்லும் இங்கே அதிகம் விற்பனை. அழகில் நிகரில்லை. மணற்கல்லில் தரம் பார்த்து வாங்க வேண்டும்: படை படையாக இருக்கும் கல்லில் ஓரத்தால் நீர் புகுந்து உறைந்தால் தகடாகக் கழன்றுவரும். கொங்கிறீற்றின் மேல் சாந்து பூசி ஒட்டும் முறையை இந்தக் குளிருக்கு நாங்கள் சொல்வதில்லை; சாந்தில் மயிரளவு பிளவு போதும், இரண்டு மூன்று குளிர்காலத்தில் கல் ஆடத் தொடங்கும். இன்ரர்லொக் போலவே சல்லிமேல் உலர்வாகப் பதியுங்கள்.

தாங்குசுவர்

வளவு சரிவாக இருந்து மண்ணைத் தாங்கச் சுவர் வேண்டுமென்றால், மூன்றடி உயரத்துக்கு அடுக்குக் கொங்கிறீற் கட்டைகள் முதலிடம். பூட்டி நிற்கும் இந்தக் கட்டைகள் அசைவைத் தாங்கும் என்பதால் நாலடி அத்திவாரம் தேவையில்லை. 6 அங்குலம் இறுக்கிய சல்லி, அதன்மேல் முதல் வரிசை குறைந்தது 6 அங்குலம் மண்ணுக்குள். முதல் வரிசையை மட்டம் பார்க்க அரைநாள் போனாலும் போகட்டும். அங்கே விட்ட பிழை மேலே போகப் போகப் பெருகும். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலம் தூளில்லாச் சல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில் வடிதுணி, அடியில் 4 அங்குலத் துளைக்குழாய். உயரம் கூடினாலோ மேலே கார் நின்றாலோ, சுவர் உயரத்தில் குறைந்தது 60 சதவீத நீளத்துக்குப் பின்மண்ணில் வலை விரிக்க வேண்டும்.

கொங்கிறீற் சுவர் என்றால் அத்திவாரம் 4 அடிக்குக் கீழே போக வேண்டும், கம்பியும் பொறியியலாளரும் வேண்டும். மரச்சுவர் மலிவு, ஆனால் மண் படும் பின்பக்கத்தால் உக்கும், 15, 20 வருடத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இப்போதைய மரப் பதனீட்டில் உள்ள செம்பு சாதாரண ஆணியை அரிக்கும் என்பதால் சூட்டில் நாகம் பூசிய ஆணி வேண்டும். ஆர்மர் கல் எனப்படும் பெரிய பாறைத் துண்டுகள் பேரன் காலத்துக்கும் நிற்கும். ஆனால் 4 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரக் கல் ஒன்றே ஏறக்குறைய 900 கிலோ. இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலடிச் சந்து மட்டும் இருந்தால் அதைத் தூக்கும் இயந்திரம் உள்ளே வருவது கடினம்.

பொது இடத்தையோ கட்டடத்துக்குப் போகும் வழியையோ ஒட்டி, வெளியே தெரியும் உயரம் 1 மீற்றரைத் தாண்டினால் ஒன்ராறியோக் கட்டட விதிப்படி அனுமதி வேண்டும். வீடுகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் தாழ்வரம்பை மறித்துக் கட்டினால் அயலவர் வளவு குளமாகும். தோண்டுமுன், நிலத்துக்குக் கீழே குழாய்களும் கம்பிகளும் எங்கே போகின்றன என்று குறிக்க ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவிப்பது சட்டம், அது இலவசம்.

துளைக்குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்று கட்டும் நாளிலேயே படம் எடுத்து வையுங்கள். மார்ச்சில் பனி உருகும்போது அங்கே தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாமல் சுவர் இடுக்குகளில் ஈரம் கசிந்தால் குழாய் அடைத்திருக்கிறது. அடுத்த குளிருக்கு முன் அதைத் திறந்துவிட வேண்டும்.